எட்டாவது பெயர்

லெமுவேல் டட்டில் தன் வாழ்க்கையில் கூசாமல் ஒப்புக்கொண்ட தப்பு ஒன்றே ஒன்று: பீபிள்ஸுக்குக் கை தூக்கியது.

அமெரிக்க வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்கு, வடக்குப் பக்கத்து எங்கள் ஒஹையோ ஊரில் தொண்டர் காலாட்படைக்கு ஆள் சேர்ந்தபோது, கேப்டனை வீரர்களே கை தூக்கித் தேர்ந்தெடுத்தார்கள். துப்பாக்கியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத மளிகைக்கடை பீபிள்ஸ், ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவை உருட்டிக்கொண்டு வந்தார். தொண்ணூறு கைகள் எழுந்தன. செருப்புத் தைக்கும் லெமுவேலின் கைதான் முதலில்.

முதல் சண்டை ஓர் ஓடைக்கரையில். தெற்கத்திக்காரர்கள் தலை காட்டியதும் கேப்டன் எடுத்தார் ஓட்டம், பின்னாலேயே அவர் படையும். எட்டுப் பேர் மட்டும் வேலியோரம் நின்று சுட்டார்கள். ஏழு பேர் செத்தார்கள். லெமுவேல் பிடிபட்டு, ஒன்பது மாதம் எதிரியின் கொட்டடியில் எலும்பும் தோலுமாகக் கிடந்தான்.

இருபது வருஷம் கழித்து, வெட்கமே இல்லாமல், பீபிள்ஸ் படையின் வரலாற்றை எழுதினார். அதில் படை அந்தி சாயும்வரை அசையாமல் நின்றதாம். செத்த ஏழு பேர் போக, ஒருவரையும் எதிரியிடம் விடாமல் திரும்பியதாம். அப்படியானால் பிடிபட ஆள் ஏது? ஆகவே லெமுவேல் ‘ஓடிப்போனவன்’. ஊர்ச் சதுக்கத்து நினைவுக்கல்லில் அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பெயர் வெட்டப்போகிறார்கள். ஓடிப்போனவனுக்கு இடமில்லை.

பழைய வீரர்களின் விருந்தில் லெமுவேல் எழுந்தான்.

“நானா ஓடினேன்? உன் முதுகு இன்னும் என் கண்ணுல நிக்குது, கேப்டன். டேய், நீங்களாவது சொல்லுங்கடா!”

எல்லோரும் தட்டிலிருந்த அவரைக்காயையே பார்த்தார்கள். பக்கத்தில் பெண்டாட்டிமார். இருபது வருஷமாக அவர்களிடம் அளந்த கதை என்னாவது?

பீபிள்ஸ் குழைந்தார். “கோவிச்சுக்காதப்பா. அச்சான புத்தகத்த மாத்த முடியாது. கல்லுல செத்தவங்க வரிசைல ஏழு பேர்தான இருக்காங்க? எட்டாவதா உன்னையும் சேத்துடுவோம். யாருக்கு என்ன நஷ்டம்?”

கூட்டம் கை தட்டியது. மானங்கெட்ட கூட்டம்.

கல் வெட்டும் ஆசாவுக்கே தாங்கவில்லை. “உயிரோட இருக்கற மனுஷன எப்படிப்பா அங்க போடறது?”

“அங்கயே போடு, ஆசா,” என்றான் லெமுவேல். “ஓடாதவங்க எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்காங்க.”

மாண்டவர்களுக்குப் பூ வைக்கும் நாளில், வருஷா வருஷம், பீபிள்ஸ் தொப்பியைக் கழற்றிவிட்டு ஊர் முன்னால் அந்த எட்டுப் பெயர்களையும் வாசித்தாக வேண்டும். ஏழு பெயர்களுக்கு அமைதி. எட்டாவது பெயருக்கு மட்டும் கூட்டத்திலிருந்து ஒரு குரல் வரும்:

“நின்ன எடத்துலயே இருக்கேன், கேப்டன்!”