கண் மூடாத ஜெபம்

சுனாமி வந்தபோது நான் சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபிப்பது என் வேலை. அலைக்குப் பிறகு பல வீடுகள் இல்லை. பாடசாலைகளில் இருந்த முகாம்களுக்குப் போனேன். அங்கேதான் மாங்கேணி ஊர் அக்காவைக் கண்டேன். கணவரையும் மூத்த மகனையும் கடல் கொண்டுபோயிருந்தது. மிஞ்சியவள் கைக்குழந்தையான மகள். அக்கா தூங்குவதில்லை. பிள்ளை கண் சொருகினால் அவளையும் உலுக்கி எழுப்பிவிடுவார்.

பழக்கப்படி, "கண்களை மூடி ஜெபிப்போம்" என்றேன். பாதியில் ஏனோ கண் திறந்தேன். அக்கா விழித்தபடி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூடினா கடல்தண்ணி வருகுது சிஸ்டர். நீங்க மூடுங்க, நான் காவலிரிக்கன்."

அடுத்த முறை நானும் கண்ணைத் திறந்தே ஜெபித்தேன். மனப்பாடமான வார்த்தைகள்கூடத் தடுமாறின.

"என்ன சிஸ்டர், பாடம் மறந்த புள்ள மாதிரி முழிக்கிறீங்க?" என்று அக்கா சிரித்துவிட்டார்.

பிறகு ஜெபம் குறைந்து பேச்சுக் கூடியது. பேசுவதற்கு எனக்குத் தெரிந்தது போதவில்லை என்றும் பட்டது. மனம் உடைந்தவர்களோடு பேசித் தேற்றும் உளவளத்துணைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தேன். போதகர் தடுக்கவில்லை.

"அங்க ஜெபம் பண்ண ஏலாதே பிள்ள. யோசிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

யோசித்தேன். இப்போதும் யோசிக்கிறேன்.

நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது, பாதம் நிலத்தில் படுவதை உணரச் செய்யலாம், குறித்த நேரத்தில் முடித்து எழும்ப வேண்டும் என்றெல்லாம் படித்தேன். அக்காவும் மெல்ல மெல்லத் தூங்கப் பழகினார். இடையில் போர் மூண்டதும் ஷெல்லடிக்குத் தப்பி ஓடி, களுவாஞ்சிக்குடியில் தங்கை வீட்டோடு ஒதுங்கினார்.

போர் முடிந்த செய்தி வந்தபோது தெருவில் பட்டாசு வெடித்தார்கள். அந்தச் சத்தத்தோடு அக்காவின் தூக்கம் மறுபடி போயிற்று. மகள் வகுப்பில் மேசைமேல் சரிந்து விழுகிறாள் என்று தங்கை தொலைபேசியில் சொன்னார். இதற்குள் எனக்கும் கலியாணமாகியிருந்தது; என் பிள்ளைக்கு அப்போது ஐந்து மாதம். மாமியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பால் மாவைக் கரைக்கும் தண்ணீர் ஆறியிருக்குமா என்பதே வழியெல்லாம் என் கவலை.

அக்கா சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்தபடி இருந்தார். படித்ததையெல்லாம் செய்து பார்த்தேன். நேரமும் முடிந்தது. எழும்பப் போனேன்.

"நீங்க காவலிரிப்பீங்களா?" என்றார்.

"ஓம் அக்கா, இரிக்கன்."

கண்ணை மூடினார். திறந்து என்னைப் பார்த்தார். மறுபடி மூடினார். மகள் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். அவர் உலுக்கவில்லை.

நான் போகவேண்டிய பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்தது. மார்பில் பால் கட்டி, சட்டை நனைந்துவிட்டது. வீட்டில் பிள்ளை அழும். பயிற்சியில் சொன்னபடி எழும்பியிருக்க வேண்டுமோ, சபையில் சொன்னபடி ஜெபிக்க வேண்டுமோ தெரியவில்லை. மாமிக்குப் பிந்தி வருவதாக ஒரு தகவல் அனுப்பிவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.