விசிறியில் சுற்றிய சாமந்திச் சரம்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். துணிந்து எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பழைய ஜீப்பின் இன்ஜின் அடிக்கடி சூடாகும். அதனால் ராஜகீழ்ப்பாக்கம் மெக்கானிக் கரீம் பாய், ரேடியேட்டருக்கு ஒரு மின்விசிறி பொருத்தித் தந்தார். ஆயுத பூஜையன்று பானெட்டைத் திறந்து, அந்தப் புது விசிறிக்கும் பொட்டு வைத்து, ஆசையாகச் சாமந்திச் சரம் சுற்றினேன். கழற்ற மறந்துவிட்டேன்.

மாலையில் சம்பந்தியை ஏற்றிக்கொண்டு கேளம்பாக்கம் கிளம்பினேன். செம்பாக்கத்திலேயே பானெட்டிலிருந்து ஆவி வந்தது.

“நல்லா ஏமாத்திட்டான் சம்பந்தி, உங்க மெக்கானிக்” என்றார் அவர்.

“ஆமாங்க, அவர் மாட்டின ஃபேன்தான்” என்று நானும் சொன்னேன்.

போன் செய்ததும் பாய் வந்தார். பானெட்டுக்குள் குனிந்தவர், விசிறியை இறுக்கிப் பிடித்திருந்த பூச்சரத்தின் நாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சத்தமில்லாமல் அதை அறுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

“ஒயர லூசா வுட்டுட்டேன் சார், என் தப்புதான்” என்றார், சம்பந்தி காதில் விழும்படி. என்னிடம் மட்டும் மெதுவாக, “பூ வெக்கலாம் சார், ஊட்டி வுடக் கூடாது” என்றார்.

“என் காரை இவன்கிட்ட விடவே மாட்டேன்” என்றார் சம்பந்தி. நான் வாயைத் திறக்கவில்லை.

என் மானத்துக்காக ஒருவர் தன் தொழில் பெயரையே விட்டுக்கொடுத்தார். அதுவரை கூச்சம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது வெறும் கோழைத்தனம் என்று அன்று புரிந்தது.

மறுநாள் காலை சம்பந்தி வீட்டுக்குப் போய், சரம் சுற்றியது நான்தான் என்று சொன்னேன்.