மேட்டுக்காட்டின் நான்காவது மரம்

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

காட்டில் வாழ்வதாகச் சொல்லப்படும் பெருங்குரங்கை மலாய்க்காரர்கள் மாவாஸ் என்பார்கள். அது மரங்களைக் கொண்டு தன்னை எவ்வாறு மறைத்துக்கொள்ளக் கூடும் என்பதை, நான் கண்ட அளவில் எழுதுகிறேன். கண்டேன் என்று சொல்லவே இன்னும் தயக்கமாக இருக்கிறது.

எங்கள் தோட்டத்தின் மேட்டுத் தேயிலை வரிசைகளை மேட்டுக்காடு என்போம். அது பாசி படர்ந்த பெருங்காட்டைத் தொட்டு முடிகிறது. அந்த வரிசைகளில் என் மனைவி கத்தரியால் கொழுந்து வெட்டுவாள். நான் மூட்டைகளை லோரிக்குச் சுமப்பேன். பிற்பகலில் பனிமூட்டம் இறங்கினால் அடுத்த செடிகூடத் தெரியாது. அப்போது ஒருவர் 'கூ' என்று கூவ, மற்றவர் அதேபோல் திருப்பிக் கூவ வேண்டும். எவரும் காட்டுப் பக்கம் வழிதவறாதிருக்க ஏற்பட்ட வழக்கம் அது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், மூட்டத்தில் அவளைக் காணவில்லை. கூவினேன். காட்டோரத்திலிருந்து பதில் வந்தது.

கங்காணி சிரித்தார். "என்னாண்ணே, அண்ணி ஒங்கள வுட்டுட்டு காட்டுல குடி போயிட்டாங்களா? சீக்கிரம் கூட்டிட்டு வாங்கலா, லோரி நிக்குது!"

குரலை நோக்கி நடந்தேன். தேயிலையையும் காட்டையும் பிரிக்கும் வடிகாலுக்கு அப்பால் நான்கு அடிமரங்கள் நின்றன. நான்கிலும் ஒரே கறுமை, ஒரே பாசி. மீண்டும் கூவினேன். பதில் மிக அருகில், என் தலைக்கு மேலிருந்து வந்தது. என் மனைவி என் தோள் உயரம்தான். காற்றில்லாதவரை மரங்கள் அசையவில்லை. காற்று எழுந்து கிளைகளெல்லாம் ஆடியபோது, அந்த ஆட்டத்தோடு ஆட்டமாக ஒரு மரம் பின்னுக்குச் சென்றது. காற்று நின்றபோது மூன்று அடிமரங்களே இருந்தன.

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். கீழே சாலையோரத்து முனியாண்டி கோயிலடியில் அவள் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் புள்ள, நான் கூப்பிட்டதுக்குப் பதில் குடுக்கல?"

"நீங்க காட்டுக்குள்ளேருந்துல்ல கூப்பிட்டீங்க! அங்க ஒங்களுக்கு என்னா வேலை? பயந்துபோயி வாய மூடிக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

நான் காட்டுக்குள் அடியெடுத்து வைத்ததே இல்லை.

அன்றுமுதல் நாங்கள் இருவரும் எங்கள் வரிசைக்காரர்களும் கூவுவதில்லை. கத்தரியால் தகர டப்பாவை மூன்று முறை தட்டுவோம். இரும்பின் ஓசையைக் காட்டுயிர் எழுப்பாது என்று நம்பினோம். எனக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை, வேலையை விட்டுவிட்டேன். அவள் இன்னும் போகிறாள். சென்ற வாரம், தன் வரிசையில் உடன் வெட்டுபவளுக்காக மூன்று முறை தட்டியபோது, காட்டுக்குள் எதுவோ அடிமரத்தை மூன்று முறை தட்டியதாம். இனிப் போகாதே என்றேன்.

"நான் போவலன்னா காட்டோரத்துக் கடைசி வரிசைக்குப் புதுசா வேலைக்கு வந்த வங்காளப் புள்ளைங்களத்தான் அனுப்புவாங்க. அதுங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைகளுக்கு இன்றும் கூவத்தான் கற்றுத் தருகிறார்கள். மூட்டத்தில் குரல் கேட்டால் அதை நோக்கி நடக்கக் கூடாது. முதலில் அடிமரங்களை எண்ண வேண்டும், காற்று ஓய்ந்ததும் மறுபடி எண்ண வேண்டும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இந்த எழுத்தைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.