தகரத்துக்குப் பெயர் கொடுத்த பன்னீர்

கலஹா பஸ் பேராதனையை நெருங்கும்போது தொலைபேசி அடித்தது. காலை ஏழரை. ரிஸ்வான் நானா.

"தங்கச்சி, பன்னீர் மௌத்து."

முஸ்லிமான அவர் வீட்டில் மரணத்துக்குச் சொல்லும் சொல். பன்னீருக்கும் அதையே சொன்னார். நான் இறங்கவேண்டிய இடம் கடந்து போயிற்று. கொண்டக்டர் கண்டி வரைக்கும் காசு கேட்டார். கொடுத்தேன்.

பன்னீர்செல்வத்தை அறியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் அவர் இசையைக் கேட்டிருப்பீர்கள், பெயரைக் கேட்டிருக்கமாட்டீர்கள். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்பு ஒன்றில் பிறந்து அங்கேயே இருந்தவர். முப்பத்தாறு வயது. விளம்பரத்துக்கும் செய்திக்கும் பின்னால் ஓடும் இரண்டு நிமிட இசையைச் செய்து, இணையச் சந்தை ஒன்றில் விற்றார். யாரும் வாங்கலாம். எதற்கும் போடலாம். தேடுபவர் கண்ணில் படுவதற்கு ஒவ்வொரு துண்டுக்கும் இருபது முப்பது தேடுசொற்கள் வேண்டும். அவற்றை எழுதிக் கொடுத்தது நான்.

"என்னா கெம்பஸ், படிச்சது இதுக்காச்சும் ஒதவுதே" என்பார். பல்கலைக்கழகத்தில் படித்தவள் என்பதால் நான் 'கெம்பஸ்'. கடைசிவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

அவர் வாசித்ததைவிட அடித்தது அதிகம். தண்ணீர் பீப்பாய், கதவு, கதிரைக் கால். மைக் உடுப்பு அலுமாரிக்குள் தொங்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மலையேறிப் போனபோது லயத்தின் முன் ஆட்கள் கூடியிருந்தார்கள். உள்ளே யாரையோ கொல்வது போல ஒரு சத்தம்.

"பன்னீரு, யார்ரா அங்க, யாரப் போட்டு அடிக்கிற?" பக்கத்து வீட்டுக்காரி கத்தினார்.

"தகரத்தத்தான் அக்கா. அது பொலிசுக்குப் போகாது."

அடித்துக்கொண்டிருந்தவர் ரிஸ்வான் நானா. அலவத்துகொடைக்காரர், ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். கூரைத் தகரம் ஒன்றைக் கடையிலிருந்து தோளில் சுமந்து வந்திருந்தார்.

"இன்னும் ஓங்கி அடி நானா. கடன் வச்சவன் மூஞ்சிய நெனச்சுக்க."

"அப்ப ஒன்ட மூஞ்சத்தான் நெனைக்கணும்."

இரும்புக் கம்பி வழுக்கித் தகரத்தின் விளிம்பு அவர் உள்ளங்கையைப் பிளந்தது. நிறுத்தவில்லை. அடித்து முடித்தபோது தகரமெல்லாம் இரத்தம். பன்னீர் அந்தப் பதிவைத்தான் வைத்துக்கொண்டார். 'தகரம்' என்று பெயரிட்டோம். நான் சொற்களை எழுதினேன். கோபம். கூட்டம். நெருப்பு. பழி. கலவரம்.

"கலவரத்தையும் போட்டியா? நல்லா விக்கும்" என்று சிரித்தார்.

விற்றது. மற்ற எல்லாவற்றையும்விட.

ஒவ்வொரு விற்பனைக்கும் காசு ஒரு தடவைதான். ஆனால் அந்த இசை தொலைக்காட்சியில் ஒலிக்கும் ஒவ்வொரு தடவையும் இசையமைத்தவருக்கு ராயல்டி உண்டு. அதற்கு அவர் அதை உரிமைச் சங்கத்தில் தன் பெயரில் பதிந்திருக்கவேண்டும். ஒளிபரப்பியவரும் நிகழ்ச்சியில் வந்த இசையையும் செய்தவர் பெயரையும் ஒரு தாளில் நிரப்பி அனுப்பவேண்டும். கியூ ஷீட் என்பார்கள். எவரும் அனுப்புவதில்லை. தன் இசை எங்கே காதில் விழுந்தாலும் பன்னீர் அந்த நிறுவனத்துக்கு எழுதுவார். பதில் வராது. மறுபடி எழுதுவார்.

"மியூசிக்கத்தான் வித்தேன். பேர விக்கல."

ஆனால் 'தகர'த்தைப் பதியும்போது தன் பெயரை மட்டும் போட்டார். ரிஸ்வான் நானாவுக்குத் தெரியவந்தது.

"அடிச்சது என்ட கை. ரத்தமும் என்ட. பேர் மட்டும் ஒன்டயா?"

"தகரத்துக்குக் காசு குடுத்தேன்ல?"

நானா அவர் சட்டையைப் பிடித்தார். பன்னீர் அவரைச் சுவரில் மோதினார். நான் நடுவில் புகுந்து, முழங்கையால் ஒரு இடி வாங்கினேன். இறந்தவர் என்பதற்காக இதை மறைக்கப்போவதில்லை. தப்பு பன்னீருடையது. இருவரும் பல மாதம் பேசவில்லை.

பிறகு அந்த வீடியோ வந்தது. இரண்டு நிமிடம். முஸ்லிம் கடைகளின் பெயர்களை ஒருவன் ஒவ்வொன்றாக வாசிக்கிறான். பின்னால் எங்கள் 'தகரம்'. போனிலிருந்து போனுக்குப் போயிற்று. மூன்றாம் நாள் பட்டப்பகலில் ரிஸ்வான் நானாவின் வீதிக்குக் கூட்டம் வந்தது. அவர் கடையின் ஷட்டரைப் பெயர்த்தார்கள். பெட்ரோல் ஊற்றினார்கள். பெயின்ட் டின்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. நானா பின்மதிலால் குதித்தார். காலை ஊன்ற முடியாமல் வாய்க்காலுக்குள் கிடந்தபடி பன்னீருக்குப் போன் எடுத்தார். அப்போது நான் பன்னீரின் பக்கத்தில் இருந்தேன்.

"அந்த வீடியோவக் கேட்டியா? அது என்ட கை, பன்னீர். என்ட கடைய எரிக்கச் செல்லி என்ட கையே அடிக்கிது."

பன்னீர் தகரத்தை அடித்த அதே கம்பியை எடுத்துத் தன் கீபோர்டை நொறுக்கினார். கட்டைகள் அறையெங்கும் தெறித்தன. நான் தடுக்கவில்லை. வீடியோ செய்தவன் தேடியபோது 'தகரம்' அகப்பட்டது என் சொற்களால்தான் என்றேன்.

"சொல்லு ஒன்னோடது. சத்தம் என்னோடது. மொதல்ல சத்தத்த நிப்பாட்டுவோம்."

எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் மாதங்கள் போயின. பிறகு உரிமைச் சங்கத்திலிருந்து ராயல்டி அறிக்கை வந்தது. ஒரு தொலைக்காட்சி அந்த வீடியோவைத் தன் நிகழ்ச்சியில் வாராவாரம் போட்டிருந்தது. போட்டதுமல்லாமல் கியூ ஷீட்டும் அனுப்பியிருந்தது. நிகழ்ச்சியின் பெயர், இசையின் பெயர், பன்னீர்செல்வம். ஓர் எழுத்துப் பிழை இல்லை.

"எட்டு வருசத்துல மொத ஒழுங்கான ஆளு" என்றார். முற்றத்துக்குப் போய்க் குந்தினார்.

காசை எடுத்துக்கொண்டு சும்மா இருக்கலாம். காசு வேண்டாம் என்றும் சும்மா இருக்கலாம். இரண்டிலும் இசை ஓடும். நிறுத்துவதென்றால் உரிமையாளர் எழுதவேண்டும்: இது என்னுடையது, வெறுப்பைத் தூண்ட இதைப் பயன்படுத்த அனுமதி இல்லை, எடுங்கள். பெயரோடும் விலாசத்தோடும். இசையில் பங்குள்ள மற்றவர்கள் யார் என்றும் ஒரு கேள்வி இருந்தது. இப்போதாவது நானாவின் பெயரைப் போடுங்கள் என்றேன். போடவில்லை. தன் பெயரில் மட்டும் கடிதம் அனுப்பினார்.

"அன்னைக்குப் பேராசையில விட்டேன். இன்னைக்கு வேணும்னே விடுறேன். ஒரு தடவ எரிஞ்சது போதும்."

நானா ஊன்றுகோலோடு மலையேறி வந்து கத்தினார். "இப்பவும் நீ ஒத்தயாத்தானா?"

"ஆமா. நான் மோசமானவன்னு ஒனக்குத்தான் தெரியுமே. ஒக்காரு, தேத்தண்ணி குடி."

இணையச் சந்தை 'தகர'த்தை விற்பனையிலிருந்து எடுத்தது. தொலைக்காட்சி அத்தாட்சி கேட்டுக்கொண்டு தொடர்ந்து ஒளிபரப்பியது. கடிதம் போன ஒன்பதாம் நாள் மூன்று பேர் தோட்ட வீதியால் ஏறி வந்தார்கள். யார் அனுப்பினார்கள் என்று இன்றுவரை தெரியாது. பன்னீரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தார். கைகளை வாசற்படியில் வைத்து இரும்புக் கம்பியால் அடித்தார்கள். பிறகு தலையில்.

ஆஸ்பத்திரி வாட்டில் இரண்டு கையும் கட்டோடு கிடந்தார்.

"கம்பி நல்ல சத்தம், கெம்பஸ். மைக்தான் இல்ல."

சிரித்தார். தலையில் தையல் இழுத்தது. முகம் கோணியது. பன்னிரண்டாம் நாள் மூளைக்குள் இரத்தம் கசிந்தது. அதற்கடுத்த காலையில் நான் பஸ்ஸில் இருந்தேன்.

அடக்கம் முடிந்த வாரம் தொலைக்காட்சியிடமிருந்து பதில் வந்தது. முறைப்பாட்டாளர் இறந்துவிட்டபடியால் இதைத் தொடர்பவர் யார் என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். உரிமை இனி பன்னீரின் அம்மாவுடையது. அவர் கையெழுத்து வைத்தார். ரிஸ்வான் நானா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். 'தகரத்தை அடித்தவர்' என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். வேண்டாம் என்றேன்.

"எரிக்க இன்னும் என்ன ஈக்கி? அவன் மறச்சு வச்ச பேர் தங்கச்சி இது. இனி மறைக்க அவனில்ல."

பேனாவைப் பிடித்த உள்ளங்கையில் அந்தத் தழும்பு.

தகரம் இப்போது நானாவிடம் இருக்கிறது. கறை போகவில்லை. உடைந்த கீபோர்டை அம்மா சாக்கில் கட்டி வைத்திருக்கிறார். நான் எந்தப் பொருளையும் எடுத்துவரவில்லை. செய்ததற்குப் பெயர் போடவேண்டும் என்ற அவருடைய பிடிவாதம் மட்டும் என்னோடு வந்தது. படிவத்தோடு போன கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன். இந்த இசைக்குக் கோபம், கூட்டம், நெருப்பு, பழி, கலவரம் என்னும் சொற்களை எழுதியவர்.

அதன் கீழ் என் முழுப்பெயர். விலாசம். நேற்றுப் பதிவுத் தபாலில் போயிற்று.