பள்ளி ரோட்டில் வெடித்தது

எங்கள் ஊர்க் கடைத்தெருவை ஒருமுறை நான் தனியாளாகப் பூட்ட வைத்திருக்கிறேன். ஹர்த்தால் அறிவிக்கும் தலைவர்களுக்குக்கூட அதற்கு ஒருநாள் அவகாசமும் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரமும் தேவைப்படும். எனக்கு ஒரே ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. அப்போது எனக்கு வயது ஒன்பது. அந்த வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இருக்கவில்லை என்று இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

கல்முனைக்குத் தெற்கே, பெரிய வீதிக்கும் கடலுக்கும் நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும் ஊர். கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகள் எல்லாம் மணல்; சைக்கிளில் போகிறவர்கள் பாதி வழி சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போவார்கள். அவற்றில் முதன்முதலாகக் கொங்கிறீட் காணும் பாக்கியம் பள்ளிவாசல் ஒழுங்கைக்கு வாய்த்தது. வேலை என் மாமாவுக்கு, அதாவது உம்மாவின் தம்பிக்குக் கிடைத்தது. அதுவரை அவர் கிணறும் மதிலும் கட்டிக்கொண்டிருந்தவர். மதில் சாய்ந்தால் வீட்டுக்காரர் ஒருவர்தான் ஏசுவார். ரோட்டில் ஊரே நடக்கும், நடக்கிற ஒவ்வொரு தடவையும் ஏசும். வியாழக்கிழமை எஞ்சினியர் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வேலை பிழை என்றால் உடைத்துவிட்டு மறுபடி போடச் சொல்வார். மாமாவுக்கு அந்த வாரம் சோறு இறங்கவில்லை.

எஞ்சினியர் தந்த வரைபடத்தில் பன்னிரண்டு அடிக்கு ஒரு கோடு ரோட்டுக்குக் குறுக்காகப் போயிற்று. மாமா ஈரக் கொங்கிறீட்டில் மெல்லிய சட்டத்தை அழுத்தி எடுத்து, அந்தக் கோடுகளைக் காலிப்பாகவே, அதாவது ஒடுங்கிய நீளப் பள்ளமாகவே, இறக்கினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். உம்மா கேட்டபோது, "அழகுக்காக்கும்" என்றார்.

கொங்கிறீட் காயக்கூடாது என்பதற்காக அதன் ஓரங்களில் மண் வரம்பு கட்டி, மேலே சாக்கு விரித்து, தண்ணீர் தேக்கினார். வயல்காரர்கள் நிறைந்த ஊரில் இதைச் செய்துவிட்டுத் தப்ப முடியுமா?

"என்ன மச்சான், இந்தப் போகம் ரோட்டுலயா வேளாண்மை?"

"எந்த நெல்லு போட்டிரிக்கா? குருவி வராமப் பாத்துக்க!"

குருவி வராமல் பார்க்க நான் நியமிக்கப்பட்டேன். ஆடு, கோழி, சைக்கிள் எல்லாம் என் பொறுப்பு. அதற்காக ஓதப்பள்ளிக்குப் போவதிலிருந்துகூட நாலு நாள் விலக்குக் கிடைத்தது. குர்ஆன் ஓதும் மற்றப் பிள்ளைகளின் குரல் பக்கத்துக் கட்டடத்திலிருந்து கேட்கக் கேட்க, நான் கம்போடு ஆட்சி செய்துகொண்டிருந்தேன். மாமா எனக்கு இட்ட கட்டளை இது:

"மகள், ஒரு மயிர் வெடிப்புக் கண்டாலும் ஓடி வந்து எனக்கிட்டச் சொல்லோணும்."

"புள்ளைக்கு முன்னால என்ன கதை கதைக்கிறாய் தம்பி?" என்றார் உம்மா.

"மயிர் போல மெல்லிசான வெடிப்பு ராத்தா. அது தொழில் பேச்சு."

வியாழன் பின்னேரம், எஞ்சினியர் வர ஒரு மணித்தியாலம் இருக்கையில், சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். காலிப்புக்குள்ளே நெடுகலும் ஒரு வெடிப்பு. அடுத்த காலிப்பிலும் அதே. அதற்கடுத்ததிலும். மாமா கடைத்தெருவில் சீமெந்து வாங்கப் போயிருந்தார். முக்காடு விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். சந்தியைத் தாண்டும்போதே கத்தத் தொடங்கினேன்.

"மாமா! பள்ளி ரோட்டுல வெடிச்சிட்டு!"

எங்கள் பேச்சில் சுவர் பிளந்தாலும் வெடித்ததுதான், துவக்குச் சுட்டாலும் வெடித்ததுதான், குண்டென்றாலும் வெடித்ததுதான். அந்த யுத்த வருடங்களில் சுவர்கள் பிளப்பதுதான் இம்மூன்றிலும் குறைவு.

ஹாட்வெயார் கடைக்காரர் என் தோளைப் பிடித்தார். "எத்தின, புள்ள?"

"மூணு!"

"எந்த இடத்துல?"

"ஓதப்பள்ளிக்கு முன்னுக்கு!"

இரண்டு பதில்களும் உண்மை. ஆனால் அதற்குள் கடைகளின் கதவுப் பலகைகள் விழுந்துவிட்டன. தேத்தண்ணிக் கடைக்காரர் அடுப்பை அணைக்காமலே கதவைச் சாத்தினார். மீன்காரர் ஒரு தட்டு சூரையைக் காகங்களின் பொறுப்பில் விட்டார். பாதி ஊர் வீட்டுக்குள் ஓடியது, மீதிப் பாதி பள்ளி ரோட்டை நோக்கி ஓடியது. எல்லோருக்கும் முன்னால் மாமா. நான் பின்னால் ஓடினேன், கொஞ்சம் பெருமையோடு. மாமாவின் ரோட்டின்மேல் ஊருக்கு இவ்வளவு அக்கறையா!

ஒழுங்கையில் பிள்ளைகள் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஆடு சாக்கை மென்றுகொண்டிருந்தது.

"எங்ககா வெடிச்ச?" என்றார் மீன்காரர்.

சாக்கைத் தூக்கிக் காட்டினேன். மீன்காரர் குனிந்து பார்த்தார்.

"அட அல்லாஹ்வே, இந்த வெடியா!" என்று அவர் தலையில் கைவைத்தார். பிறகு ஒழுங்கையே சிரித்தது. உம்மா வந்து முதலில் அடித்தார், பிறகு கட்டிப்பிடித்தார். இரண்டுக்கும் நடுவில் அவர் மூச்சு விட்டதாகத் தெரியவில்லை.

எஞ்சினியர் அன்று வரவில்லை. பக்கத்துத் தமிழூரான பாண்டிருப்பைச் சேர்ந்த அவர், மறுநாள் காலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். மாமா கையில் வாளியோடு நின்றார். வாளியில் சீமெந்துக் குழம்பு. வெடிப்பை மெழுகி மறைக்கும் எண்ணம். இன்னும் ஐந்து நிமிடம் கிடைத்திருந்தால் மறைத்திருப்பார்.

"நேற்று சந்தி வரைக்கும் வந்தனான்," என்றார் எஞ்சினியர். "கடையெல்லாம் பூட்டு. பள்ளி ரோட்டில வெடிச்சதெண்டு சொன்னாங்க, திருப்பிக்கொண்டு போயிட்டன். எங்க வெடிச்சது?"

மாமா வாயைத் திறக்குமுன், வேடிக்கை பார்க்க வந்த அத்தனை பேரும் சாக்கைக் காட்டினார்கள்.

எஞ்சினியர் குந்தியிருந்து, தீக்குச்சியால் வெடிப்பைத் தடவினார். அடுத்ததையும் பார்த்தார். காலிப்புகளுக்கு நடுவிலுள்ள துண்டுகளில் வெடிப்பு உண்டா என்று கையால் துழாவினார். மாமா வாளியைத் தன் காலுக்குப் பின்னால் நகர்த்தினார்.

"நல்லா வந்திருக்கு," என்றார் எஞ்சினியர்.

"சேர்?"

"கொங்கிறீட் காயக்காயச் சுருங்கும். சுருங்கினா எங்கயாவது வெடிக்கத்தான் செய்யும். கண்ட இடத்தில வெடியாம இதுக்குள்ள வெடி எண்டுதான் கோடு போட்டது. சொல்லுக் கேட்டிருக்கு. தார் ஊத்தி அடைச்சு விடுங்க, சரி."

"ஓம் சேர்," என்றார் மாமா. "அதுக்குத்தானே போட்ட."

வாளியை வேலிக்குப் பின்னால் கவிழ்த்துவிட்டு வந்து சிரித்தாரே ஒரு சிரிப்பு, அவருடைய கலியாணப் படத்தில்கூட அது இல்லை.

இதில் ஒன்றை விட்டுவிட்டேன். முந்தின நாள் ஓடிவந்த மாமா நேரே ரோட்டுக்கு வரவில்லை. ஓதப்பள்ளி ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அவருடைய பிள்ளைகள் இருவரும் உள்ளே இருந்தார்கள். பிறகுதான் வந்து, நான் தூக்கிய சாக்கின் அடியில் இருந்த வெடிப்பைப் பார்த்தார். உடனே முழந்தாளிட்டு, ஈரச் சாக்கில் நெற்றியை வைத்தார். தொழுகை நேரமும் இல்லை, பாயும் இல்லை. ஆகவே வெடிப்பைக் கிட்டத்தில் வைத்து ஆராய்கிறார் என்று நினைத்தேன். நெடுநேரம் ஆராய்ந்தார்.

"ஆழமா மாமா?" என்று கேட்டேன்.

"ஓம் மகள்," என்றார் தலை நிமிராமல். "நல்ல ஆழம்."

அப்படியென்றால் ரோட்டை உடைக்கத்தான் போகிறார்கள் என்று முடிவுகட்டி, மஃரிப் தொழுகைக்குப் பிறகு அவருக்காக மூலையில் இருந்து அழுதேன். மாமாவோ எங்கள் வீட்டில் உட்கார்ந்து மீன் ஆணத்தோடு மூன்று தரம் சோறு போடச் சொல்லித் தின்றுகொண்டிருந்தார். ரோடு உடைபடப்போகிற மனிதருக்கு எப்படி இப்படிப் பசிக்கிறது என்று எனக்கு விளங்கவே இல்லை.