முந்தானைச் சுவர்

காணும் பொங்கலன்று மகளோடு கடப்பாக்கத்தில் படகேறி, எதிரே இருக்கும் மணல்தீவுக்குப் போனேன். கால் வைக்க இடமில்லை. கூட்டத்தைத் திட்டித் தீர்த்தேன்.

தண்ணீரில் விழுந்து தொப்பலாக நனைந்த மகள், மாற்றுடையைக் கையில் வைத்துக்கொண்டு கூசி நின்றாள். பதினைந்து வயது. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை.

பக்கத்தில் மீன் வறுவல் தின்றுகொண்டிருந்த பெண்கள் எழுந்து வந்தார்கள். புர்கா போட்ட இருவரும் சேர்ந்துகொண்டார்கள். முந்தானையையும் துப்பட்டாவையும் விரித்துப் பிடித்து அவளைச் சுற்றி நின்றார்கள்.

"நீ மாத்து கண்ணு. அண்ணாத்த, இன்னா பாத்துகினு கீற? அந்தாண்ட திரும்பு!" என்றாள் ஒருத்தி.

திரும்பிக்கொண்டதால் அவர்கள் முகம் மனதில் பதியவில்லை. இப்போதெல்லாம் வரிசையில் எந்தப் பெண் முண்டியடித்து முன்னே போனாலும் நான் வாயைத் திறப்பதில்லை. அன்று நின்றவர்களில் ஒருத்தியாக இருக்கலாம்.