சேன் பியேர் பள்ளிக்கூடத்தில் மிஸ் வலைதோன்

வாத்தியார் வேலையில் முதலில் போவது தொண்டை. நீங்களும் கரும்பலகைக்கு முன்னால் நின்று பிழைத்தவர் என்றால் இதை நான் விளக்க வேண்டியதில்லை. உப்புத் தண்ணீர்க் கொப்பளிப்பும் இஞ்சித் தேநீரும் நம் சம்பளத்தோடு சேர்ந்து வருகிறவை.

எங்கள் தீவில் சேன் பியேர் என்ற ஊரில் நான் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு எடுத்தேன். பெயர் ஆறுமுகம், ஆனால் எல்லா வாயிலும் 'மிஸ்யே ஆர்முகம்', அதாவது ஆர்முகம் ஐயா. பள்ளிக்கு மூன்று பக்கமும் கரும்பு. வெட்டுக் காலத்தில் ஆலைக் கரி பறந்து வந்து பிள்ளைகளின் கொப்பியில் விழும், ஊதிவிட்டு எழுதுவார்கள். வீட்டிலும் தெருவிலும் எங்களுக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த கிரியோல் பேச்சுதான். கோயில் வகுப்பில் கற்ற தமிழை வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அங்கங்கே தடுக்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ் ஹில்லிலிருந்து மிஸ் வலைதோன் தலைமையாசிரியையாக வந்தபோது அவருக்கு என்னைவிட வயது குறைவு. ஐந்தாம் வகுப்பு எடுத்த மிஸ்யே ரமோனைவிட ரொம்பவே குறைவு. ரமோன் ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல்காரர், என் நண்பர், பிரம்பில்லாமல் வகுப்புக்குள் நுழைய மாட்டார். "பட்டணத்துப் பெண். ஒரு மழைக்காலம் தாங்குமா?" என்றார் என் காதில். நானும் தலையாட்டினேன்.

எது வலிக்கிறது?

முதல் வாரம் அவர் எங்களை அறைக்குக் கூப்பிட்டு அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒவ்வொருவரிடமாக அவரே வந்தார். ஒரே கேள்வி: "இந்தப் பள்ளிக்கூடத்தில் உங்களுக்கு எது வலிக்கிறது?" அதுவரை எங்களைப் பார்க்க வந்தவர்கள் ஆஜர் கேட்டிருக்கிறார்கள், பாடத்திட்டம் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. "தொண்டை" என்றேன் நான்.

எங்கள் பள்ளி ஒரே நீளக் கூடம். தடுப்புச் சுவர் கிடையாது. ஒரு மூலையில் வாய்ப்பாடு, அடுத்த மூலையில் பிரெஞ்சுப் பாட்டு, இரண்டுக்கும் மேலே ரமோன், ரமோனுக்கும் மேலே நான். அடுத்த திங்கட்கிழமை மிஸ் வலைதோன், "பாதி வகுப்புகள் மாறி மாறி மரத்தடிக்குப் போனால் என்ன?" என்று கேட்டார். எந்த வகுப்பு முதலில் போகும் என்று நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவரோ முதலாம் வகுப்பைத் தனக்கென்று எடுத்துக்கொண்டார். எப்போதும் புதிதாக வந்த ஆசிரியர் தலையில் கட்டுகிற வகுப்பு அது. மூக்கு ஒழுகும், அழும், பெஞ்சில் இடம் போதாது. ஒரு தலைமையாசிரியை அதை எடுத்து நான் பார்த்ததில்லை. கரும்பலகையின் ஒரு முனையை அவரே பிடித்துக்கொண்டு மாமரத்தடிக்கு நடந்தார்.

அன்று பின்னப் பாடத்தை ஆரம்பித்த நான் பாதியில் நிறுத்திவிட்டேன். என் குரல் எனக்கே கேட்டது. சாதாரணமாகப் பேசினால் கடைசி பெஞ்சுப் பிள்ளை நிமிர்ந்து பார்த்தான். வெளியே கரும்பில் காற்று ஓடுவதுகூடக் கேட்டது. கூடத்தின் மறுகோடியிலிருந்து ரமோன் சொன்னார்: "ஆர்முகம், உனக்கு இவ்வளவு நல்ல குரல் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது!"

மூனசாமியின் பரிசு

மூனசாமி கரும்புத் தோட்டத்தில் சர்தார், கூலியாட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. அவர் சத்தம் போட்டால் வயல் முழுக்க ஆட்கள் குனிந்துவிடுவார்கள். ஒரு நாள் காலை அவர் தோல் சீவிய கொய்யாக் குச்சி ஒன்றைக் கொண்டுவந்து மிஸ் வலைதோனிடம் நீட்டினார். "என் பையன் ராஜுவுக்காக, மிஸ். நன்றாகப் போடுங்கள். ஏன் அடித்தீர்கள் என்று நான் வந்து கேட்க மாட்டேன்." ராஜு என் வகுப்பு. நானும் பக்கத்தில் நின்றேன்.

மிஸ் வலைதோன் அந்தக் குச்சியை மரியாதையாக வாங்கி மேசைமேல் வைத்தார். "வந்ததுதான் வந்தீர்கள், கொஞ்ச நேரம் மகன் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறீர்களா?" என்று கேட்டார். பள்ளிக்கூடத்துக்குள் அதுவரை உட்கார்ந்தே இராத அந்த மனிதர், முழங்கால் நெஞ்சில் இடிக்கச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். ராஜுவைக் கரும்பலகைக்கு வரச் சொன்னேன். கணக்குத் தப்பாக வந்தது. மூனசாமி பெஞ்சிலிருந்து பாதி எழுந்தார்.

வாசலில் நின்ற மிஸ் வலைதோன், "ராஜு, எப்படிச் செய்தாய் என்று எங்களுக்குச் சொல்கிறாயா?" என்றார், தப்பு என்ற சொல்லே இல்லாமல். அவன் அப்பாவைப் பார்க்காமல் சொல்ல ஆரம்பித்தான். மெதுவாக, ஒவ்வொரு வரியாக. பாதி வழியில் நின்றான். தன் தப்பு தானே கண்ணில் பட்டுவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். வகுப்பும் சேர்ந்து சிரித்தது, கேலியாக இல்லை. அழித்துவிட்டுச் சரியாகப் போட்டான். நான் அத்தனை காலம் பாடம் எடுத்தும், ஒரு பிள்ளை தன் தப்பைக் கண்டு சந்தோஷப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

மூனசாமி போகும்போது குச்சியைப் பற்றிக் கேட்கவில்லை. தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு வாசலில் நின்றார். "வீட்டில் இவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை, மிஸ்."

கடைக்கு வந்த துரை

அந்தக் காலத்தில் சட்டப்படி எங்கள் பாடமெல்லாம் ஆங்கிலத்தில். வந்து சேர்கிற பிள்ளைக்குக் கிரியோல் தெரியும், வட இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்களில் சிலருக்குப் போஜ்பூரி மட்டும் தெரியும். ஆங்கிலத்தில் 'உட்கார்' என்றால் எழுந்து நிற்கும். மிஸ் வலைதோன் முதலாம் வகுப்புக்கு முதலில் அவர்கள் மொழியிலேயே எல்லாவற்றையும் சொல்வார், பிறகுதான் ஆங்கிலம். "இன்ஸ்பெக்டர் காதில் விழுந்தால் உங்கள் வேலை போய்விடும், மிஸ்" என்று நான் எச்சரித்தேன். "போகும்" என்று ஒத்துக்கொண்டார், ஏதோ பஸ் போவதைப் பற்றிப் பேசுவது போல.

விழுந்தது. ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் ஆங்கிலேய இன்ஸ்பெக்டர் மாமரத்தடிக்கே வந்துவிட்டார், பக்கத்து மரத்தடியில் நான் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே பிள்ளைகள் காலி டின்களை அடுக்கி, ஊர்ச் சீனாக்காரர் மளிகைக் கடை மாதிரி ஒன்று நடத்திக்கொண்டிருந்தார்கள். மிஸ் வலைதோன் கிரியோலில் விளக்கிக்கொண்டிருந்தது அவர் காதில் நன்றாகவே விழுந்திருக்கிறது. முகம் இறுகியது. "இது எந்த மொழி?" என்றார். "இவர்கள் மொழி, ஐயா. ஆங்கிலம் கடைக்குள் இருக்கிறது. நீங்களே போய் ஏதாவது வாங்கிப் பாருங்களேன்" என்றார் அவர். குரல் சாதாரணமாக இருந்தது. ஆனால் முதுகுக்குப் பின்னால் கைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன்.

கடைக்காரி தேவயானி. சேர்ந்த நாளிலிருந்து வாயே திறக்காத பெண். ஊமை என்றே நாங்கள் சிலர் நினைத்திருந்தோம். துரை நேராக முன்னால் போய்ச் சர்க்கரை கேட்டார். அவள் அண்ணாந்து அவரைப் பார்த்தாள். காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு தெளிவான ஆங்கிலத்தில், "தயவுசெய்து வரிசையில் நில்லுங்கள், ஐயா" என்றாள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. துரை போய் வரிசையில் நின்றார், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. தன் முறை வந்ததும் சர்க்கரை வாங்கினார், நன்றி சொன்னார். கிரியோல் பற்றி அவர் அறிக்கையில் ஒரு வரியும் வரவில்லை. வண்டி ஏறும்போது மிஸ் வலைதோனிடம் சொன்னது இவ்வளவுதான்: "இந்தத் தீவில் எத்தனையோ வகுப்புகளைப் பார்த்துவிட்டேன், மேடம். என்னை வரிசையில் நிற்கச் சொன்னது இந்த ஒன்றுதான்."

பாம்ப்ளமூஸில்

ஆறாம் வகுப்பு முடிவில் ஸ்காலர்ஷிப் பரீட்சை, தீவு முழுக்க முன்னால் வரும் சில பிள்ளைகளுக்கு மட்டும் மேல்நிலைப் பள்ளி இலவசம். பள்ளி விட்ட பிறகு ஒரு வகுப்பு, பள்ளிக்கு முன்னால் ஒரு வகுப்பு, ஞாயிற்றுக்கிழமை இன்னொன்று. என் வகுப்பில் வசந்தா கெட்டிக்காரி. ஊரே அவள்மேல் கண் வைத்திருந்தது. ஒரு நாள் வாசித்துக்கொண்டே மயங்கி விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பக்கம் என்பதுதான்.

மிஸ் வலைதோன் என்னைக் கூப்பிட்டு, "பரீட்சைக்கு முந்திய வாரம் இவர்களைப் பாம்ப்ளமூஸ் தோட்டத்துக்குக் கூட்டிப்போனால் உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு எப்படி இருக்கும் என்பது இருக்கட்டும், பெற்றோர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர் ஒவ்வொருவர் பேச்சையும் கடைசிவரை கேட்டார். பிறகு, "பிள்ளைகள் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று?" என்று மட்டும் கேட்டார். வசந்தாவின் அம்மாதான் முதலில் வழிவிட்டாள்.

தோட்டத்தில் மற்றப் பிள்ளைகள் பெரிய அல்லி இலைகளைச் சுற்றிக் கூச்சல் போட்டார்கள், பனை வரிசைக்கு நடுவே ஓடினார்கள். வசந்தா ஒரு மரத்தடியில் உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்து தூங்கிவிட்டாள். எழுப்பலாம் என்று நான் குனிந்தேன். மிஸ் வலைதோன் விரலை உதட்டில் வைத்தார். வெயில் நகர நகர அவரும் தன் குடையோடு நகர்ந்து உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரம் வந்து போயிற்று. அவர் எழுந்திருக்கவேயில்லை. ஒரு பள்ளித் தலைமையாசிரியை மண்ணில் உட்கார்ந்து ஒரு குழந்தையின் தூக்கத்தைக் காவல் காப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கோயிலில் நிற்பது போலத்தான் இருந்தது.

ஸ்காலர்ஷிப் வந்ததா என்று கேட்பீர்கள். அந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு வரவில்லை. வசந்தா நன்றாகத் தேறினாள், பிற்பாடு எங்கள் தீவின் பீனிக்ஸ் ஊரில் ஆசிரியையாகவும் ஆனாள். ஆனால் என் மனதில் நிற்பது பஸ் கிளம்பும் நேரத்தில் அவள் கண் விழித்துச் சொன்னதுதான்: "மிஸ், நான் கனவே காணாமல் தூங்கினேன்!"

ஆணிகள்

அந்தப் பெரிய புயலை எங்கள் வயதுக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பள்ளிக் கூடத்தில் பாதிக் கூரை போய்விட்டது. மீதிப் பாதிக்குக் கீழே வீடிழந்த குடும்பங்கள் தங்கியிருந்தன. மிஸ் வலைதோன் எங்களிடம் முதலில் கேட்டது பள்ளியைப் பற்றி அல்ல. "உங்கள் வீட்டில் கூரை இருக்கிறதா? இல்லையென்றால் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்." தன் வீட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. அதுவும் போய்விட்டது என்று வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது.

ரமோன் மட்டும் போகவில்லை. மரத்தாலும் தகரத்தாலும் கட்டிய அவர் வீடு அடியோடு போயிருந்தது. மனைவியும் மகளும் அக்கா வீட்டில். அவர் போட்ட சட்டையோடு வந்து, சுவரில்லாத தன் வகுப்பில் நின்றுகொண்டிருந்தார். பாடம் எடுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மிஸ் வலைதோன் ஒரு தட்டில் சோறும் பருப்பும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பக்கத்தில் தானும் ஒரு தட்டோடு உட்கார்ந்தார்.

அப்போது ரமோனின் வகுப்புப் பிள்ளைகள் முற்றத்தில் குவிந்து கிடந்த தகரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் கல்லில் தட்டுகிற சத்தம். யாரும் சொல்லாமலே அவர்கள் வளைந்த ஆணிகளைப் பிடுங்கி, கல்மேல் வைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். ஒரு பால் டின் நிறைந்ததும் அதை அவர் காலடியில் கொண்டுவந்து வைத்தார்கள். "உங்கள் வீட்டுக்கு, மிஸ்யே" என்றாள் ஒரு பெண். அவர்களில் பலர் கையில் அவருடைய பிரம்பு பட்டிருக்கிறது. ரமோன் டின்னைப் பார்த்தார், அந்தக் கைகளைப் பார்த்தார். என் பக்கம் திரும்பினார்: "இவர்களையா நான் அடித்தேன், ஆர்முகம்?"

கொடிக் கயிறு

சுதந்திரத்துக்கு முந்திய தேர்தலில் தீவு இரண்டாகப் பிரிந்தது. எங்கள் ஆசிரியர் அறையும்தான். நான் சுதந்திரத்துக்கு ஆதரவு. பெரும்பான்மை இந்தியர் ஆட்சி வந்துவிடும் என்று பயந்த கிரியோல்காரர் பலரைப் போல ரமோன் எதிர்ப்பு, அதை அவர் மறைக்கவில்லை. அவர் மகள் புருஷனோடு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏறிவிட்டாள். தலைநகர் போர்ட் லூயியில் கலவரம் என்று சேதி வந்தபோது பிள்ளைகள்கூட வகுப்பில் தள்ளித் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். ரமோனும் நானும் சேர்ந்து தேநீர் குடிப்பது நின்றுபோயிற்று.

சுதந்திரம் உறுதியாயிற்று, புதுக் கொடி ஏற்றும் நாள் நெருங்கியது. அது தலைமையாசிரியையின் உரிமை. மிஸ் வலைதோன் எங்கள் எல்லோர் முன்னாலும் கேட்டார்: "மிஸ்யே ரமோன், நீங்கள் ஏற்றுவீர்களா?"

"நான் எதிராகத்தான் ஓட்டுப் போட்டேன், மிஸ். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். நம் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டிலும் அப்படித்தான். அவர்கள் அன்று யாரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்?"

கொடி ஏற்றும் நாள் காலையில் ரமோன் தேய்த்த கோட்டோடு வந்தார். பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். வாசலுக்கு வெளியே, வர மாட்டோம் என்று சொன்ன பெற்றோரும் நின்றார்கள். சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று அந்தக் கொடி கரும்புக்கு மேலே விரிந்தபோது யாரும் கைதட்டவில்லை, தட்டத் தோன்றவில்லை. மூனசாமி தொப்பியைக் கழற்றியதைப் பார்த்தேன். என் பக்கத்தில் நின்ற ஒரு கிரியோல் பையனும் ஒரு போஜ்பூரிப் பையனும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டிருந்தது அவர்களுக்கே தெரியவில்லை. எனக்குக் கண் மறைத்தது.

ரமோன் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் பேச்சு அது: "நன்றாகத்தான் இருக்கிறது, ஆர்முகம், கயிறுதான் கொஞ்சம் முரடு."

மிஸ் வலைதோன் எங்களுக்கு ஒரு தடவையாவது உத்தரவு போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை, அவர் கேட்டு நாங்கள் மாட்டோம் என்று சொன்னதாகவும் ஞாபகம் இல்லை.